பிரசவ முறையைத் தீர்மானிப்பதில் நம்மைச் சுற்றியிருப்பவர்களின் பங்கு எவ்வளவு?

பூங்குழலி, பொங்கோல்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். ஏழாவது மாதம் நடக்கிறது. நான் திருச்சியிலிருந்து திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த நிரந்தரவாசி. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த குடிமகன்.

பிரசவ முறையைப் பற்றி மருத்துவர் என்னிடம் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறது, அடுத்த ஸ்கேன் இந்தத் தேதியில் என்பதோடு சந்திப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் என்னைச் சுற்றியிருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசாத நாளே இல்லை. அம்மா மூன்று பிள்ளைகளையும் சுகப்பிரசவத்தில் பெற்றவர். வளைகாப்பு முடிந்த கையோடு ஊருக்கு வந்துவிடு, கைராசியான டாக்டரம்மா நம் தெருவிலேயே இருக்கிறார் என்கிறார். அக்காவுக்கு இரண்டுமே சிசேரியன். முதல் பிள்ளைக்குக் கொடி சுற்றிவிட்டது என்று அறுத்தார்கள், முதலாவது சிசேரியன் என்பதால் இரண்டாவதற்கும் அறுத்தார்கள். வலியையும் பட்டு, கடைசியில் கத்தியையும் ஏன் பட வேண்டும், முதலிலேயே சிசேரியன் கேட்டுக்கொள் என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள். அங் மோ கியோவில் இருக்கும் மாமியார் ஜோதிடரிடம் நல்ல நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். அலுவலகத் தோழியோ பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டதிலிருந்து தன் முதுகுவலி தீரவே இல்லை என்கிறார்.

இவர்களில் எவரும் எனக்குக் கெடுதல் நினைப்பவர்கள் அல்லர் என்பதால்தான் குழப்பம் கூடுகிறது. உங்கள் பிரசவ முறையை உண்மையில் தீர்மானித்தது யார்? எவர் பேச்சை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு ஏதேனும் அளவுகோல் வைத்திருந்தீர்களா?

---

மல்லிகா, தோ பாயோ

பூங்குழலி, நான் பிரசவ அறையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு முன்னால் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும்.

1966ஆம் ஆண்டில் நம் கேகே மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த மிக அதிகமான பிரசவங்கள் என்று அது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை) 4.66, 2024இல் அது 0.97. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நடந்தது என்னவென்றால், ஒரு பெண் தன் சொந்தப் பிரசவத்துக்கு முன்னால் நெருங்கி அறிந்த பிரசவங்களின் எண்ணிக்கை அடியோடு குறைந்துபோனது. அன்று அம்மா, சின்னம்மா, அத்தை, மூத்த நாத்தனார், கம்பத்து மக்சிக் (மலாய்ப் பெரியம்மா), எதிர்வீட்டுச் சீனப் பெண் என்று ஒவ்வொருவருக்கும் நான்கைந்து பிள்ளைகள். சுலபமாகப் பிறந்ததும் உண்டு, இரண்டு நாள் வலித்ததும் உண்டு, ஆயுதம் போட்டு எடுத்ததும் உண்டு. எல்லாமே காதில் விழுந்திருக்கும்.

இன்று உங்களுக்கு அருகில் தெரிந்த பிரசவங்கள் நான்கோ ஐந்தோதான் இருக்கும். அவற்றில் ஒன்று கெட்டுப்போயிருந்தால், ஐந்தில் ஒரு பிரசவம் கெடும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. உங்கள் அக்காவின் கதை உங்கள் மனத்தில் இவ்வளவு இடம் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கொடி கழுத்தில் சுற்றியிருப்பது மிகச் சாதாரணம். நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு அப்படி இருக்கும். குழந்தையின் தலை வெளியே வந்ததும் தாதி கழுத்தருகே விரலை விட்டுப் பார்ப்பார். கொடி தளர்வாக இருந்தால் மாலையைக் கழற்றுவதுபோல் தலைக்கு மேல் எடுத்துவிடுவார். அடுத்த வலியில் தோள் வந்துவிடும். பல தாய்மாருக்கு அப்படி நடந்ததே தெரியாது. கொடி சுற்றியிருப்பது மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி மீளாமல் இருந்திருக்கலாம், கருப்பை வாய் திறப்பது நின்றிருக்கலாம், வேறு ஏதோ இருந்திருக்கலாம். உங்கள் அக்காவுக்குச் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அங்கே நடந்தவற்றில் குடும்பத்தின் நினைவில் தங்கியது கொடி மட்டும்தான் என்கிறேன். முடிவு ஊரெல்லாம் சுற்றுகிறது. காரணம் பிரசவ அறையிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே யார் எந்தக் கதை சொன்னாலும், ஏன் அப்படிச் செய்தார்கள், அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால், அந்தக் கதையை அன்போடு கேட்டுக்கொண்டு அதோடு விட்டுவிடலாம்.

---

கதிரவன், ஜூரோங் வெஸ்ட்

ஆண் ஒருவன் இதில் கருத்துச் சொல்வது சிலருக்குப் பொருத்தமாகப் படாமல் போகலாம். ஆனாலும் எங்கே பெற்றுக்கொள்வது என்ற முடிவில் கணவன்மார் பெரும்பாலும் அமைதியாகத் தலையாட்டிவிடுகிறோம் என்பதால் எழுதுகிறேன்.

ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதை வெறும் இடம் சார்ந்த முடிவாகப் பார்க்காதீர்கள். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019 முதல் 2021 வரையிலான காலகட்டத்தில் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவை மூலம் நடந்திருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் எடுத்தால் 21.5 விழுக்காடுதான். சிக்கலான பிரசவங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளுக்கே அனுப்பப்படுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், தனியாரில் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்திருப்பதை மருத்துவக் காரணங்களால் மட்டும் விளக்க முடியாது.

உங்கள் அம்மா தெருமுனை டாக்டரம்மாவைச் சொல்வது தம் சொந்த அனுபவத்தை வைத்து. ஆனால் அவர் பெற்ற காலத்துத் தமிழ்நாடு வேறு, இன்றைய தமிழ்நாடு வேறு. 2015-16 ஆய்வில் 34.1 ஆக இருந்த விழுக்காடு ஒரே சுற்றில் 44.9 ஆகியிருக்கிறது. சுகப்பிரசவத்தை மனத்தில் வைத்துத் தாய்வீட்டுக்குப் புறப்படும் பெண், தெரியாமலேயே சிசேரியன் அதிகம் நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. போவது என்று முடிவெடுத்தால், அந்த மருத்துவமனையில் தலைப்பிரசவங்களில் எத்தனை அறுவையில் முடிகின்றன என்று அம்மாவை நேரில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றுவதில்லை. அதற்கு முன்பே மருத்துவர் சான்றிதழ் கேட்பார்கள். குழந்தை அங்கே பிறந்தால், தந்தைவழிக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கவும் வேண்டியிருக்கும்.

---

நிலா, செங்காங்

எபிடியூரல் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த முதுகுவலிக் கதையைக் கேட்டுப் பயந்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வலியின் உச்சத்தில் தங்களையே நொந்துகொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 40 ஆய்வுகள், 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் இடம்பெற்றார்கள். எபிடியூரல் போட்டவர்களுக்கும் வேறு வலிநீக்க முறைகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் இடையே நீண்டகால முதுகுவலியில் வேறுபாடு காணப்படவில்லை. சிசேரியன் ஆகும் வாய்ப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய நிலை பழைய ஆய்வுகளில் சற்றுக் கூடுதலாக இருந்தது. 2005க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அதுவும் தென்படவில்லை. இரத்த அழுத்தம் இறங்குவது, காய்ச்சல், அரிப்பு, ஏறத்தாழ நூறில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி ஆகியவை உண்மையான பக்க விளைவுகள். அவற்றைப் பற்றி மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் உங்கள் தோழியின் முதுகுவலி பொய் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், இரவு முழுவதும் குனிந்தபடி பாலூட்டுவது, நாளுக்கு நாள் கனக்கும் குழந்தையைத் தூக்குவது என்று முதுகு வலிக்க ஆயிரம் காரணங்கள் உண்டு. எபிடியூரல் போடாத பெண்களுக்கும் வலிக்கிறது. ஊசி குத்திய இடம் நினைவில் நிற்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

---

வாசகி, தெம்பனிஸ்

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒரு கருத்தை இங்கு முன்வைக்க விரும்புகிறேன். 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனவெட்டர், மனிதருக்குப் புதிய செய்தி பெரும்பாலும் நெருங்கிய உறவுகளிடமிருந்து வருவதில்லை, அரைகுறையாகப் பழகியவர்களிடமிருந்தே வருகிறது என்று வாதிட்டார். நெருங்கியவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஆதலால், அவர்களிடையே சுற்றுவது ஒரே செய்திதான். அம்மா சொல்வதும் பெரியம்மா சொல்வதும் அக்கா சொல்வதும் மூன்று சான்றுகள்போலத் தோன்றும். உண்மையில் அவை ஒரே வீட்டில் மூன்று முறை கேட்கும் ஒரே சான்றாக இருக்கலாம். கருவுற்றோர் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், மாதாமாதம் பலதுறை மருந்தகத்தில் பார்க்கும் தாதி, கணவரின் சக ஊழியருடைய மனைவி ஆகியோரிடம்தான் நம் குடும்பம் அறியாத அனுபவம் கிடைக்கும்.

நெருங்கிய உறவின் வலிமை வேறு வகையானது. பிள்ளை பெறும் எண்ணமே தோழியரிடையே பரவுகிறது என்று 2014இல் பால்போ, பார்பன் என்ற இருவர் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். ஒருத்தி பெற்ற பின் அவளுடைய தோழி கருவுறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போய், இரண்டாண்டு அளவில் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது. நம்மைப் போன்ற ஒருத்தி செய்துவிட்டாள், நம்மாலும் முடியும் என்ற துணிவு அங்கே கைமாறுகிறது. எப்படிப் பெறுவது என்பதிலும் அத்துணிவு, அல்லது அச்சம், அவ்வாறே கைமாறும் என்று கருதுகிறேன்.

சிங்கப்பூரில் இது பணத்தையும் தொடும். தோழி பெற்ற அதே கைனியிடம் (மகப்பேறு மருத்துவரிடம்) நானும் போக வேண்டும் என்றால், பெரும்பாலும் தனியார் நோயாளியாகத்தான் போக முடியும். கட்டணக் கழிவு பெறும் நோயாளி குறிப்பிட்ட மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு பரிந்துரை பல ஆயிரம் வெள்ளி வேறுபாட்டை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதைப் பரிந்துரைப்பவர்கூட நினைத்துப் பார்ப்பதில்லை.

---

பூங்குழலி, பொங்கோல்

வாசகி, அரைகுறையாகப் பழகியவர்களின் செய்தி மேலானது என்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள்தாம். அங்கே சுகமாகப் பெற்றவர்கள் வாழ்த்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். துன்பப்பட்டவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இரவில் அதைப் படித்துவிட்டுத் தூங்க முடிவதில்லை.

---

செல்லம்மாள், யீஷூன்

எனக்கு இரண்டு மருமகள்கள் உண்டு. இங்கே எழுதியிருப்பவற்றை எல்லாம் பொறுமையாகப் படித்தேன். பெரியவர்கள் பேச்சு என்றாலே தவறான செய்தி என்ற தொனி எனக்கு வருத்தம் தருகிறது.

என் மூத்த மருமகளுக்கு நடு இரவில் வலி எடுத்தபோது, நான் சீரகத்தைக் கருகாமல் வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துப் பனைவெல்லம் போட்டுக் கொடுத்தேன். சூட்டு வலியாக இருந்தால் அடங்கும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பது எங்கள் அம்மா சொல்லிக் கொடுத்தது. அது அடங்கியது. மறுநாளும் அப்படியே அடங்கியது. மூன்றாவது நாள் கூடிக்கொண்டே போனது, மருத்துவமனைக்குப் போனோம். அதற்கு முன்னால் இரண்டு முறை டாக்சி பிடித்து ஓடித் திரும்பியிருந்தால் அந்தப் பெண் எவ்வளவு சோர்ந்திருப்பாள்? இது மூடநம்பிக்கை அன்று, வீட்டில் பொறுத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் முறை.

பிள்ளை பெற்ற பின் பத்தியம் பார்ப்பது யார்? பூண்டைத் தட்டிக் குழம்பு வைப்பது, சுறாப் புட்டு செய்வது, மருந்து இடித்து உருட்டிக் கொடுப்பது, உடம்புக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, இரவில் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வது எல்லாம் நாங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம், உழைப்பு மட்டும் வேண்டும் என்றால் அது எப்படிப் பொருந்தும்?

---

வாசகி, தெம்பனிஸ்

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. இந்த இழையிலேயே மிக முக்கியமான செய்தியை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று மனமாரக் கூறுகிறேன். குடும்பத்தின் சொல்லுக்கு வலிமை வருவது அது சரியான செய்தி என்பதனால் அன்று. பேறுகாலத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் சொல்லும் சொல் என்பதனால். நாற்பது நாள் தன்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் குளிக்க அழைத்துப் போகப்போகிற மாமியாரிடம், நீங்கள் குறித்த தேதி எனக்கு வேண்டாம் என்று எந்த மருமகளால் எளிதாகச் சொல்ல முடியும்? காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் துணிந்து மறுக்கிறார்கள். வசதி இல்லாதவர்களும், ஊரிலிருந்து தனியாக வந்தவர்களும் தலையசைக்கிறார்கள். எத்தனை பேர் ஆலோசனை சொன்னார்கள் என்பதைவிட, எத்தனை பேர் உதவிக்கு இருக்கிறார்கள் என்பதுதான் ஒரு பெண்ணின் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். ஒரே ஒருவரை நம்பியிருப்பவளுக்கு அந்த ஒருவரின் கருத்தே முடிவாகிறது.

ஆகவே பூங்குழலி, பிரசவ முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன், பேறுகாலத்துக்குப் பின் யார் யார் எந்தெந்த வாரம் உங்களுடன் இருப்பார்கள் என்பதை உறுதி செய்யுங்கள். அது முடிந்தால் மற்ற பேச்சுகள் தாமாகவே இலேசாகும்.

---

யாழினி, உட்லண்ட்ஸ்

நல்ல நாள் பற்றி எழுதாமல் போக முடியவில்லை. என் குழந்தை கேட்டை நட்சத்திரத்தில் பிறந்துவிடுமோ என்று வீட்டில் பதறி, இரண்டு நாள் முன்னதாகவே அறுத்து எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்போது எனக்கு 37 வாரம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. நாங்கள் முதலில் பார்த்த தனியார் மருத்துவர், குடும்பம் விரும்பினால் செய்யலாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான், காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் திட்டமிட்டு அறுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும், அந்தக் குழந்தையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்துவிட்டு நீங்கள் மட்டும் வார்டில் படுத்திருக்க நேரலாம் என்று என் மாமனாரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. என் வேண்டுகோளின்பேரில் அவர் அதைக் குடும்பத்தார் முன்னிலையில் சொன்னார்.

உங்கள் மாமியாரையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்து நீங்கள் எடுத்துச் சொல்வதைவிட, அவரே கேட்பது பல மடங்கு மேல். இரட்டைப் பிள்ளைகள், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பது, குழந்தை தலை திரும்பாமல் இருப்பது போன்ற காரணங்களால் தேதி குறித்துச் செய்யும் சிசேரியன் வேறு. அப்படி மருத்துவர் இரண்டு மூன்று நாள்களைக் கொடுத்தால், அவற்றுள் ஒன்றை மாமியார் பஞ்சாங்கம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தீங்கும் இல்லை, அவருக்கும் மனநிறைவு.

---

தமிழ்ச்செல்வி, புக்கிட் பாத்தோக்

உங்கள் அக்காவுக்கு இரண்டாவதும் சிசேரியன் ஆனதைப் பற்றி ஒரு சொல். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன் என்பது 1916இல் எட்வின் கிரேகின் என்ற நியூயார்க் மருத்துவர் எழுதிய வாசகம். அன்று கருப்பையை மேலிருந்து கீழாக நெடுக அறுத்தார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவத்தில் கிழிந்து விட்டுப்போகும் ஆபத்து அதிகம். பின்னாளில் கருப்பையின் அடிப்பகுதியில் குறுக்காக அறுக்கும் முறை வந்து ஆபத்து வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அந்த வாசகம் நூறாண்டைத் தாண்டி நம் வீட்டுக் கூடம்வரை வந்துவிட்டது.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகத்தின் வழிகாட்டலின்படி, ஒருமுறை சிசேரியன் ஆனவர்கள் அடுத்த முறை இயல்பாகப் பெற முயன்றால் 72 முதல் 75 விழுக்காட்டினர் வெற்றி பெறுகிறார்கள். தழும்பு விட்டுப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ இருநூறில் ஒன்று. அந்த ஒன்று நிகழ்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் பேராபத்து என்பதால், உடனடியாக அறுவை செய்யக்கூடிய மருத்துவமனையில்தான் முயல வேண்டும். மறுபுறம், சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரோடு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. மூன்று பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் முதல் பிரசவத்திலேயே இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டாவது பிள்ளை இயல்பாகப் பிறந்தது. என் குடும்பத்தில் ஒருவருக்கும் அப்படி நடந்ததில்லை. எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் மலாய்ப் பெண் ஒருவர் அப்படிப் பெற்றவர். மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் தற்செயலாகச் சொன்னார். அந்தப் பேச்சு இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது.

---

மல்லிகா, தோ பாயோ

செல்லம்மாள் அம்மா சொன்ன கஷாயத்தைப் பற்றி: தொடக்க வலியில் வீட்டில் இருந்து நடமாடி, சூடாக எதையாவது குடித்து ஓய்வெடுப்பதை நாங்களும் வரவேற்போம். தீவிரப் பிரசவநிலை கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்தே தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வரையறுத்தது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய விதி எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும் அது கூறியது. சீக்கிரமே வந்து படுக்கையில் கிடப்பவர்களுக்குத்தான், முன்னேற்றம் இல்லை என்ற பேச்சும் அதைத் தொடர்ந்த தலையீடுகளும் அதிகம். விளக்கெண்ணெய் கொடுத்து வலியை வரவழைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

உடன் இருப்பவர் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவ வலி முழுவதும் ஒருவர் இடைவிடாமல் அருகில் இருந்தால் என்ன நடக்கிறது என்று 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை 2017இல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. பங்கேற்றவர்கள் 15,000க்கும் அதிகம். அப்படித் துணை இருந்தவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரம் சற்றுக் குறைந்தது, பின்னாளில் அந்த அனுபவத்தைக் கசப்பாக நினைவுகூர்ந்தவர்களும் குறைந்தார்கள். உறவும் நட்பும் பிரசவத்துக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய நன்மை இதுதான் என்பது என் அனுபவமும்கூட. நான் பார்த்த பிரசவங்களில், கணவர் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, மனைவியின் இடுப்புக்கு மேலே உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு வலி எழும்போதும் அதே இடத்தில் அதே அழுத்தம் கொடுத்த பெண்களின் முகமே வேறாக இருக்கும். சில கணவர்கள் வெளிறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்; அவர்களைவிட அக்காவோ அம்மாவோ உள்ளே இருப்பது நல்லது. உள்ளே எத்தனை பேரை விடுவார்கள், இடையில் ஆள் மாற்றிக்கொள்ளலாமா என்பதை உங்கள் மருத்துவமனையில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் குழுவில் வரும் கதைகளைப் பேறு முடியும்வரை ஓசையடக்கி வையுங்கள். அதனால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

---

பூங்குழலி, பொங்கோல்

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். பழைய கோப்பை எடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன். அதில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததற்கான குறிப்பு இருக்கிறது. கொடியைப் பற்றி ஒரு வரி கடைசியில் வருகிறது. தனக்குத் தேவையில்லாமல் அறுத்துவிட்டார்களோ என்ற ஐயம் இத்தனை ஆண்டுகள் அவளுக்குள் இருந்திருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. பேசி முடிக்கும்போது அழுதுவிட்டாள். எனக்குச் சிசேரியன்தான் வேண்டும் என்று இனி வற்புறுத்தமாட்டேன் என்று தானாகவே சொன்னாள்.

பிரசவம் இங்கேயே என்று முடிவாகிவிட்டது. கணவருக்கு நான்கு வாரத் தந்தையர் விடுப்பு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அது கட்டாயம் என்பதால் அலுவலகத்தில் தயக்கமில்லாமல் கேட்டுவிட்டார். அதன் பின் அம்மா குறுகிய கால வருகை அனுமதியில் வருகிறார். மாமியார் வாரத்தில் மூன்று நாள் வந்து சமைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த சந்திப்புக்கு அவரும் எங்களோடு மருத்துவமனைக்கு வருகிறார். எபிடியூரலை முன்கூட்டியே வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மல்லிகா அக்கா, கடைசியாக ஒரு கேள்வி. வீட்டில் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதில் அம்மாவும் மாமியாரும் நிச்சயம் மாறுபடுவார்கள். எந்த நிலையில் யாரையும் கேட்காமல் கிளம்பிவிட வேண்டும்?

---

மல்லிகா, தோ பாயோ

வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, அப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். தலைப்பிரசவத்துக்கு அது பொதுவான கணக்கு. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் உடனே. இரத்தம் மாதவிலக்குப் போலப் போனால் உடனே. கண் மங்கி, விடாத தலைவலியோ மேல்வயிற்று வலியோ வந்தால் உடனே. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், இனிப்பைத் தின்றுவிட்டுக் காத்திரு என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். குழுவில் கேட்டு விடைக்காகவும் நிற்காதீர்கள். பிரசவப் பிரிவின் தொலைபேசி எண் உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டில் இருக்கும். அதைக் கணவர், அம்மா, மாமியார் மூவருடைய கைப்பேசியிலும் இன்றே பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.